இளவரசியா, கோல் காவலரா?

கேமரன் மலைத் தோட்டக் குடும்பம் ஒன்று கோலாலம்பூருக்குப் போய் ஒரு பெரிய இசை நாடகம் பார்ப்பதென்றால், அதற்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். தானா ராத்தாவிலிருந்து தலைநகர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ரிங்லெட்டைத் தாண்டித் தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதன் பிறகுதான் நெடுஞ்சாலை. இரவுக் காட்சி முடிந்து வெளியே வரும்போது மணி 11ஐத் தொட்டுவிடும். அந்த நேரத்துக்கு மேல் பனிமூட்டத்தில் மலையேற யாருக்கும் மனம் வராது. ஆகவே பஸ் கட்டணத்தோடும் டிக்கெட்டோடும் தங்கும் செலவும் சேர்ந்துகொள்கிறது. நகரத்துக்காரருக்கு ஒரு நாடகம் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொன்று பார்க்கலாம். தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த பள்ளி விடுமுறையில்தான் வரும். சில வீடுகளில் அதற்கு ஒரு வருடம்கூட ஆகும். அதனால்தான் எந்த நாடகம் என்ற கேள்வியை வீட்டில் உட்கார்ந்து பேசி, பதில் கிடைத்த பிறகே பணத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

மலேசிய மேடையில் இப்படி எடைபோட்டுப் பார்க்க இரண்டு நல்ல மாதிரிகள் உண்டு. ஒன்று ‘புத்ரி குனோங் லேடாங்’ என்ற இளவரசி கதை. 2006இல் முதன்முறையாக மேடையேறி, 2009இல் மறுபடியும் வந்தது. மற்றொன்று 2018இல் வந்த ‘ஓலா போலா’ என்ற காற்பந்துக் கதை. இரண்டும் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் அரங்கேறின. இரண்டும் முதலில் திரைப்படங்கள்: லேடாங் படம் 2004இலும் ஓலா போலா படம் 2016இலும் வெளியாயின. இரண்டு மேடை வடிவங்களுக்கும் பின்னால் இருந்தவர் தியாரா ஜாக்குலினா. முதலாவதில் அவரே இளவரசியாகப் பாடி நடித்தார், இரண்டாவதை இயக்கினார். இவை ஒரே பருவத்தில் போட்டிபோட்டு ஓடியவை அல்ல. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, இனி எந்தப் புது நாடகத்தின் அறிவிப்பு வந்தாலும் அது அரண்மனைப் பக்கம் சாய்கிறதா, திடல் பக்கம் சாய்கிறதா என்று கணிப்பது சுலபமாகிவிடும்.

இசை நாடகம் என்ற வடிவம் தமிழருக்குப் புதிதல்ல. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று வரிசையாக எழுதிக் கொடுத்த நாடகங்களில் பாட்டுத்தான் உயிர். 1918இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கட்டினார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்காரர் காதிலும் விழும்படி பாடினார்கள். மலாயாத் தோட்டங்களிலும் கோவில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடந்த காலம் ஒன்று இருந்தது. பாய் விரித்து உட்கார்ந்து, பாதியில் தூங்கி, மயான காண்டம் வரும்போது எழுப்பச் சொல்லிப் படுத்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்த நாடகத்துக்கும் இஸ்தானா புடாயா நாடகத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடம் அன்றைய இரவுக்கு அன்றே பிறப்பது. பாடகருக்கு உற்சாகம் வந்தால் அது ஒரு மணி நேரம் நீளும், கூட்டம் கேட்டால் அதே பாட்டு மறுபடியும் வரும். மேற்கத்திய முறையில் அமைந்த பெரிய இசை நாடகத்தில் அப்படி எதுவும் நீளாது. வாத்தியக் குழுவை நடத்துபவரின் கையசைவு, விளக்கு மாறும் நொடி, காட்சித் தட்டி நகரும் நொடி எல்லாம் முன்கூட்டியே எண்ணிக் கட்டப்பட்டவை. இரண்டரை முதல் மூன்று மணி நேரம், நடுவே ஓர் இடைவேளை. முதல் பத்து நிமிடத்துக்குள் கதாநாயகரோ நாயகியோ தன் ஆசையைச் சொல்லி ஒரு பாட்டுப் பாடுவார். அந்த ஆசை நிறைவேறுமா என்பதுதான் மீதிக் கதை. அதே மெட்டு முடிவுக்குச் சற்று முன்னால் வேறு சொற்களோடு திரும்பி வரும். இந்தக் கட்டமைப்பை முன்பே அறிந்து போகிறவருக்கு மொழி முழுதாகப் புரியாவிட்டாலும் கதை கைவிட்டுப் போகாது.

கேமரன் மலைக்கும் இந்த மேடைக்கும் தேயிலை வழியாக ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்கள் ஹாபு, சுங்கை பாலாஸ், ஃபேர்லி பக்கங்களில் பரந்து கிடக்கின்றன. காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர்கள் முதன்மையானவர்கள். அந்த நிறுவனத்தின் ஆதரவில், காக்கிசேனி என்ற கலை அமைப்பு 2002இல் உருவாக்கியவைதான் போ கேமரோனியன் கலை விருதுகள். நாடகம், நடனம், இசை ஆகியவற்றோடு இசை நாடகத்துக்கும் தனிப் பிரிவு வைத்து மலேசிய மேடைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் விருது இது. விருதின் பெயரிலேயே மலை இருக்கிறது. கோலாலம்பூரில் மிகச் சிறந்த பாடகரும் மிகச் சிறந்த விளக்கமைப்பாளரும் மேடையேறி வாங்கும் பரிசுக்குப் பின்னால் இந்தச் சரிவுகளின் கொழுந்து இருக்கிறது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய வீடுகளிலிருந்து அந்த மேடையைப் போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய உண்மை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருக்கும் கைகள் இப்போது பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. ஆனாலும் மலையில் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

இனி நாடகங்களுக்கு வரலாம். லேடாங் மலை ஜொகூர் மாநிலத்தில் தங்காக் ஊருக்கு அருகே உள்ளது, 1,276 மீட்டர் உயரம். அங்கே வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இளவரசியின் கதை ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் வருகிறது. மலாக்கா சுல்தான் மாமுட் அவளை மணக்க விரும்பித் தூதர்களை அனுப்புகிறார். தூதர்களில் ஒருவரான ஹங் துவாவுக்கு வயதாகிவிட்டதால் அவர் பாதியில் நின்றுவிட, இன்னொருவரான துன் மாமாட் மலையேறுகிறார். அவருக்குக் கிடைப்பது ஏழு நிபந்தனைகள். மலாக்காவிலிருந்து மலை வரை ஒரு தங்கப் பாலம், ஒரு வெள்ளிப் பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், ஏழு தட்டு நிறையச் சிறு கிருமிகளின் இதயம், ஒரு தொட்டி கண்ணீர், ஒரு தொட்டி இளம்பாக்குச் சாறு, கடைசியாகச் சுல்தானுடைய மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். ஆறுக்கும் சம்மதித்த சுல்தான் ஏழாவதில் நின்றுவிடுகிறார். வரமாட்டேன் என்று வாயால் சொல்லாமல் சொன்ன பெண்ணின் கதை அது.

படமும் நாடகமும் இந்தக் கதையில் ஒரு பெரிய மாற்றம் செய்தன. மஜாபாகித் இளவரசியான அவள் ஹங் துவாவைக் காதலிக்கிறாள், அவருக்காகவே கடல் கடந்து லேடாங்குக்கு வருகிறாள். ஆனால் சுல்தானின் பெண் கேட்கும் தூதராக வந்து நிற்பதும் அதே ஹங் துவா. அரசனுக்குச் செய்யும் விசுவாசமா, நெஞ்சில் இருக்கும் காதலா என்ற முடிச்சில் நாடகம் முழுவதும் தொங்குகிறது. மலாய் இலக்கியத்தில் ஹங் துவா என்ற பெயர் விசுவாசத்துக்கே மறுபெயர். அந்த மனிதனைக் காதலில் தடுமாற வைத்ததுதான் இந்த வடிவத்தின் துணிச்சல்.

தமிழ்ப் பார்வையாளருக்கு இது எங்கோ கேட்ட கதையாகத் தோன்றினால் வியப்பில்லை. வள்ளியும் மலையில் இருப்பவள்தான். அவளைத் தேடியும் ஆண்கள் மலையேறுகிறார்கள், அங்கும் பெண் சுலபத்தில் சம்மதிப்பதில்லை, அங்கும் முதிய வேடம் ஒன்று நடுவே வருகிறது. வள்ளி கதை திருமணத்தில் முடிகிறது. லேடாங் கதை மூடுபனியில் முடிகிறது. பாட்டிக்குக் கதையை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போக இந்த ஒப்பீடு ஒன்றே போதும்.

இந்த நாடகத்தின் பலம் இசை. சிங்கப்பூர் இசையமைப்பாளர் டிக் லீ மெட்டமைத்தார். ஜாவாவின் கமெலான் ஒலியும் மலாய் இராகங்களும் மேற்கத்திய வாத்தியங்களும் சேர்ந்த இசை அது. ஹங் துவாவாகப் பாடிய ஸ்டீபன் ரஹ்மான் ஹியூஸ் தமிழருக்கு இன்னொரு வழியில் சொந்தம். 2002இல் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கிய ஏ. ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசை நாடகத்தில் நடித்தவர் அவர். சென்னைக் கோடம்பாக்கத்தில் பிறந்த மெட்டுகளை லண்டன் மேடையில் பாடிய குரல், நான்கு வருடம் கழித்துக் கோலாலம்பூரில் மலாய்க் காவிய நாயகனாகப் பாடியது.

பலவீனம் என்று சொல்வதானால் மொழி. அரண்மனை மலாய், பஸ் நிலையத்து மலாய் அல்ல. பள்ளியில் மலாய் படித்த பிள்ளைகளுக்கே பல சொற்கள் பிடிபடா. இப்படிப்பட்ட நாடகங்களில் மேடைக்கு மேலேயோ பக்கத்திலேயோ மொழிபெயர்ப்பு ஓடும் பலகை வைப்பதுண்டு. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கண் மேலே பலகைக்குப் போனால் மேடையில் கை அசைந்தது தெரியாது. கண் மேடைக்கு வந்தால் சொன்னது தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் கண்ணாடி மறந்து வந்தவருக்கும் மூன்று மணி நேரம் இது தொல்லை. கதை மெதுவாக நகரும் காதல் கதை என்பதால் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டாம் பாதியில் நெளியத் தொடங்கிவிடுவார்கள்.

‘ஓலா போலா’ வேறு உலகம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கு மலேசியக் காற்பந்துக் குழு தகுதி பெற்ற கதையைத் தழுவியது. அவ்வருடம் ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று மலேசியா வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங், பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹசான் சானி. 1972இல் மியூனிக் சென்ற பிறகு மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றது அப்போதுதான். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தபோது மலேசியாவும் சேர்ந்துகொண்டது. வென்றும் போகாத குழு அது. ஜெயித்தவனுக்குக் கிடைக்காத பரிசு என்பதுதான் கதையின் வலி. அந்த வலியைச் சொல்ல அரண்மனை மொழி தேவைப்படவில்லை.

குழுவின் கோல் காவலர் முத்து குமார் ஒரு தமிழர். கற்பனைப் பாத்திரம்தான் என்றாலும் அவரைப் பார்க்கும் யாருக்கும் ஆர். ஆறுமுகம் நினைவுக்கு வராமல் போகாது. நீண்ட கைகளால் பந்தை வளைத்துப் பிடித்ததற்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று மலேசியாவே செல்லமாகக் கூப்பிட்ட ஆறுமுகம், 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனார். மெர்டேக்கா அரங்கில் சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி ஆகியோரோடு நின்று ஆடிய தலைமுறையின் காவலர் அவர். தோட்டத்துத் திடல்களில் வெறுங்காலோடு கோல் கம்பத்துக்கு நடுவே நின்ற பையன்களில் தன்னை ஆறுமுகம் என்று நினைத்துக்கொள்ளாதவன் அந்தக் காலத்தில் அரிது. மலேசியாவின் மிகப் பெரிய மேடையில், மலாய், சீனப் பாத்திரங்களுக்குச் சமமாக ஒரு தமிழ் இளைஞன் கதையின் நடுவில் நிற்பதைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பார்ப்பது சாதாரண விஷயம் அல்ல. அதுவரை மேடை என்பது வேறு யாருக்கோ உரியது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு அந்த ஒரு பாத்திரம் போதும்.

மொழியிலும் இந்த நாடகம் இறங்கி வருகிறது. விளையாட்டுக்காரர்கள் வீட்டில் பேசுவது ஒரு மொழி, திடலில் கத்துவது ஒரு மொழி, பயிற்சியாளரோடு பேசுவது இன்னொன்று. மலேசியாவின் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கேட்கும் கலப்பு இது. பழைய மலாயும் கமெலானும் இருந்த இடத்தில் இங்கே ராப் பாட்டும் திடல் ஆரவாரமும். பந்தாட்டத்தை மேடையில் காட்டுவது கடினமான காரியம். நிஜப் பந்தை உதைத்தால் அது பார்வையாளர் மடியில் போய் விழும். அதனால் நடன அசைவு, பெரிய திரையில் ஓடும் படம், ஒலி ஆகியவற்றை வைத்து ஆட்டத்தை நடத்த வேண்டியிருந்தது. ஆட்டக்காரர் காற்றில் பாய்ந்து நிற்க, திரையும் விளக்கும் அவரைச் சுற்றி அரங்கத்தை நகர்த்தும். அப்போது பார்வையாளர்களே விளையாட்டு ரசிகர்களாகிக் கைதட்டிக் கத்துவார்கள். கத்தலாம் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை.

இசையை மட்டும் தராசில் வைத்தால் இளவரசி பக்கம் கனம் அதிகம். லேடாங் பாடல்கள் நாடகம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதும் காதில் நிற்கும் வகையைச் சேர்ந்தவை. ஓலா போலா பாடல்கள் அந்த நேரத்துக்கு இரத்தத்தைச் சூடாக்கிவிட்டு இறங்கிவிடுபவை. கர்நாடக இசையோ சினிமா மெல்லிசையோ தீவிரமாகக் கேட்கும் வீட்டில் இந்த வேறுபாடு முக்கியம். காட்சியழகிலும் சொங்கேட் துணி, ஜாவாப் பாத்திக், அரண்மனைத் தூண்கள் என்று லேடாங் கண்ணை நிறைக்கும். காற்பந்துச் சட்டையும் எழுபதுகளின் தொளதொளக் கால்சட்டையும் அதற்கு ஈடாகா.

இவை தவிர வெளிநாட்டுக் குழுக்கள் கொண்டுவரும் நாடகங்கள் உண்டு. லண்டனில் 1986இல் தொடங்கிய ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பரா’ 2019இல் இஸ்தானா புடாயாவுக்கே வந்தது. ‘லயன் கிங்’ 2011இல் சிங்கப்பூர் மரினா பே சேண்ட்ஸ் அரங்கில் ஓடியது. பார்வையாளர் தலைக்கு மேலிருந்து சரவிளக்கு இறங்கி விழும் காட்சியும், மனிதர்கள் பொம்மைகளைச் சுமந்து மிருகமாக மாறும் காட்சியும் உலகப் புகழ் பெற்றவை. டிக்கெட் விலையும் அதற்கேற்ப ஏறும். முதல் தடவை நாடகம் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு இவற்றைப் பரிந்துரைப்பது கடினம். ஆங்கிலத்தில் பாடும் நீண்ட வசனங்களும் பாரிஸ் ஓப்பரா அரங்கின் கதையும் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும். ‘லயன் கிங்’ மட்டும் விதிவிலக்கு. படம் பார்த்த பிள்ளைக்கு மொழி தடையே ஆகாது.

கையில் பணம் குறைவு என்றால் தலைநகரில் வேறு வாசல்களும் இருக்கின்றன. செந்தூலில் பழைய இரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005இல் திறந்த கேஎல்பேக் அரங்கு அளவில் சிறியது, நடிகர் முகம் தெளிவாகத் தெரியும். செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தோற்றுவித்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பரதநாட்டியத்தை அடித்தளமாக வைத்துப் பெரிய நாட்டிய நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. கதையும் தாளமும் பழக்கமானவை என்பதால் முதியோருக்கு அது நிம்மதியான இடம்.

பெரிய நாடகம்தான் என்று முடிவானால் அரங்கைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். தித்திவங்சா ஏரிக்குப் பக்கத்தில் 1999இல் திறக்கப்பட்ட இஸ்தானா புடாயாவின் கூரை, பறக்கும் வாவ் பட்டத்தின் வடிவில் அமைந்தது. முதன்மை அரங்கான பங்கோங் சாரியில் சுமார் 1,400 இருக்கைகள். மிக முன் வரிசைதான் சிறந்தது என்று நினைத்துக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. கூட்டு நடனமும் பெரிய காட்சித் தட்டிகளும் உள்ள நாடகத்தில் மேல் அடுக்கின் முன்வரிசையே மேடை முழுவதையும் காட்டும். பக்கவாட்டு ஓரத்து இருக்கைகளைத் தவிர்ப்பது நல்லது, மலிவாகக் கிடைத்தாலும் அங்கிருந்து மேடையின் ஒரு மூலை மறைந்துபோகும். முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ்த்தளத்தில் நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்க வேண்டும். உடைக் கட்டுப்பாடு உண்டு. அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் ஆகாது. புடவை, பாத்திக் சட்டை, மூடிய காலணி என்று போனால் சிக்கல் இல்லை. கைக்குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வயது வரம்பை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் வந்து தெரிந்துகொண்டால் ஒருவர் குழந்தையோடு வெளியே உட்கார வேண்டிவரும்.

கேமரன் மலையிலிருந்து வரும் பஸ்கள் பல பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் நிலையத்தில் நிற்கின்றன. அங்கிருந்து எல்ஆர்டி இரயிலில் மாறாமல் தித்திவங்சா வரை வந்துவிடலாம். அதே தடத்தில் செந்தூலும் இருக்கிறது. விடிகாலையில் பசியாறிவிட்டுப் புறப்படுகிறவர்கள் மதியத்துக்குள் நகரத்தை அடைவார்கள். வார இறுதிகளில் வழக்கமாகப் பிற்பகல் 3 மணிக்கும் இரவு 8.30க்கும் காட்சிகள் இருக்கும். பிள்ளைகளும் முதியோரும் உள்ள குழுவுக்குப் பிற்பகல் காட்சிதான் ஏற்றது. அன்றிரவு பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி, மறுநாள் காலை மலையேறலாம். தாப்பா இறக்கத்தில் வயிறு புரட்டும் பிள்ளைக்கு ‘அசாம் போய்’ என்ற உலர்ந்த புளிப்புப் பழம் ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும். சுவெட்டரையும் பெட்டியின் அடியில் போட்டுவிடக் கூடாது. மலையில் போட்டதைத் தாப்பாவில் வியர்த்துக் கழற்றுகிறவர்கள், குளிர்சாதனம் இரைச்சலோடு ஓடும் அரங்கில் விளக்கு அணைந்த அரை மணி நேரத்தில் அதையே தேடுவார்கள்.

குழுவாகப் போகும்போது யாரை மனத்தில் வைத்து நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். டிக்கெட் வாங்குகிறவரின் விருப்பமோ, மூத்த பிள்ளையின் விருப்பமோ முன்னால் வந்துவிடுகிறது. குழுவில் யாருக்கு நாடகம் புரிவது மிகக் கடினமோ அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மலாய் எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டியும் ஒன்பது வயதுப் பேத்தியும் மூன்று மணி நேரம் ஒன்றாக உட்காரக்கூடிய நாடகம் எது என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

அந்தக் கணக்கில், தோட்டத்திலிருந்து முதன்முறையாகப் போகும் குடும்பத்துக்குக் கோல் காவலர் இருக்கும் நாடகமே ஏற்றது. ஓலா போலாவோ அதைப் போன்ற, இந்த நாட்டு மக்களின் கதையைப் பேச்சு மொழியில் சொல்லும் நாடகமோ வந்தால் தயங்காமல் போகலாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு நாடகம் பார்த்தவர்கள், இசைக்காகவே இரண்டு நாள் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள், மேல் வகுப்பு மாணவர்கள் ஆகியோருக்கு இளவரசி. கேமரன் மலையில் உள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வருடத்துக்கு ஒரு பஸ் பிடித்து ஒரு வகுப்பையாவது இறக்கிக் கூட்டிப் போக முன்வர வேண்டும். பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துத் தருவார்களா என்று நாடகம் அறிவிக்கப்பட்ட முதல் வாரத்திலேயே தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். நல்ல இருக்கைகள் முதலில் போய்விடும்.